அம்பரல்லாவுக்குப் பதில் ஆறு ஆப்பிள்

1

2024 செப்டம்பர் 19, வியாழக்கிழமை, காலை 10.40. தூறல். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானியில் பதின்மூன்று பாகை. குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைப்பதற்காகக் கதவைத் திறந்தேன். வாசற்படியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் பதினான்கு ஆப்பிள்கள். எல்லாம் பச்சை நிறம், ஒவ்வொன்றும் என் கைமுட்டியை விடப் பெரியது, மூன்றில் புழுத்துளை. கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில், "சமைப்பதற்கு மட்டும். ஜோன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

ஜோன் பக்கத்து வீட்டு அம்மா. எண்பத்தொரு வயது, என்னைவிட ஐந்து வயது மூத்தவர், தனியாக இருக்கிறார். அவர் வீட்டுப் பின்புறத்தில் ஒரே ஓர் ஆப்பிள் மரம். இங்கே மரம் வைத்திருப்பவர்கள் மிஞ்சியதை இப்படிப் பையிலோ பெட்டியிலோ போட்டு அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கதவைத் தட்டுவதில்லை. நாங்கள் வந்த முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. ஜோன் மறந்து வைத்துவிட்டார் என்று நினைத்து அவர் வாசலிலேயே திருப்பி வைத்தேன். மறுநாள் பை மறுபடி எங்கள் வாசலில் இருந்தது. மறுபடியும் கொண்டுபோய் வைத்தேன். மூன்றாம் முறை அவர் கதவுக்குப் பின்னால் காத்திருந்து என்னைப் பிடித்துவிட்டார்.

இந்த முறை ஒன்றைக் கழுவிக் கடித்தேன். பல்லின் வேர் வரைக்கும் கூசியது, இடது கண் தானாக மூடிக்கொண்டது. கடித்ததைத் துப்பவும் மனமில்லாமல் விழுங்கவும் முடியாமல் அப்படியே நின்றேன். இங்கிலாந்துக்கு வந்து ஏழு வருஷம் இரண்டு மாதம். இப்படி ஒரு புளிப்பு என் வாயில் பட்டது இதுவே முதல் தடவை. கடைசியாகப் பட்டது இலங்கையில் தெரணியகலைக்கு மேலே, நான் கிளாக்கராக வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில், எங்கள் குவாட்டர்சின் பின்புறம் நின்ற அம்பரல்லா மரத்தடியில்.

அம்பரல்லா என்ற அந்தப் புளிப்புக் காய்தான் அப்போது எனக்கு மிகவும் வேண்டியிருந்தது. ஏனென்றால் இரண்டு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, என் மனைவி புஷ்பம் சொன்னாள்:

"வாயெல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்குங்க. அம்பரல்லாக் கறி இருந்தா ரெண்டு வாய் எறங்கும்."

மூன்று வாரத்தில் அவளாக ஒன்றைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

2

புஷ்பத்துக்கு எழுபத்திரண்டு வயது. ஆகஸ்டில் அவளுக்கு நிமோனியா வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நெஞ்சுச் சளி போய்விட்டது. அதோடு சேர்ந்து பசியும் போய்விட்டது. வீட்டுக்கு வந்த அன்று எடை நாற்பத்தொரு கிலோ முந்நூறு கிராம். செப்டம்பர் 12ஆம் தேதி போய் நிறுத்தபோது முப்பத்தொன்பது எண்ணூறு. உணவுப் பிரிவுத் தாதி ஒருத்தி, நல்ல பெண், எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். அடுத்த எடை பார்க்கும் நாள் 26ஆம் தேதி. அன்றைக்கு முப்பத்தொன்பதுக்குக் கீழே போயிருந்தால் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டியிருக்கும்.

புஷ்பம் குழாய் போட்டவர்களை அந்த வார்டில் பார்த்திருக்கிறாள். திரும்பி வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "அத மட்டும் போட விட்டுறாதீங்க" என்றாள்.

தாதி என்னிடம் ஒரு படிவம் கொடுத்தாள். பதினான்கு நாளுக்குப் பதினான்கு பக்கம். காலை, பத்து மணி, மதியம், மூன்று மணி, இரவு என்று ஐந்து வரிசை. என்ன கொடுத்தோம், எவ்வளவு சாப்பிட்டார், எல்லாம் எழுத வேண்டும். இது எனக்குப் பிடித்த வேலை என்பதை மறைக்கப்போவதில்லை. முப்பத்துநாலு வருஷம் தோட்டத்தில் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டை எழுதியவன் நான். பால்வெட்டுக்காரர் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுத்து, அளவு நிறைந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, குறைந்தால் அரைப் பேர் என்று அவரவர் பெயருக்கு நேரே போடுவேன். அரைப் பேர் விழுந்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டு போவார்கள். அதையும் நான் காதில் வாங்கிக்கொள்வேன், மாற்ற மாட்டேன்.

பழக்கம் விடுமா? முதல் நாள் மதியத்துக்கு நேரே, அரைக் கிண்ணம் கஞ்சி என்று எழுத வேண்டிய இடத்தில், செக்ரோலில் ஆங்கிலத்தில் எழுதிய மாதிரியே "அரைப் பேர்" என்று எழுதிவிட்டேன். மறுநாள் தாதி தொலைபேசியில் விசாரித்தபோது அதை அப்படியே வாசித்துக் காட்டினேன். யாருடைய பேர் என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். நாலு நிமிடம் ஆனது. புரிந்ததா தெரியவில்லை, அருமை என்று சொல்லி வைத்துவிட்டாள். இங்கே புரியாததற்கும் அருமை என்றுதான் சொல்வார்கள்.

அன்றிலிருந்து கரண்டிக் கணக்காகவே எழுதினேன். புஷ்பத்துக்கு எதிரே நாற்காலி போட்டு, முழங்கால் மேல் படிவம், கையில் பென்சில். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கோடு.

"இன்னும் ஒரு கரண்டி."

"வேணாங்க."

"நாலுதான் ஆயிருக்கு. அஞ்சாவது ஆகட்டும், கணக்கு நல்லா இருக்கும்."

"நாலுக்கு என்னங்க கொறச்ச?"

கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வெனிலா வாசனைப் பால் போத்தலையும் அப்படித்தான். அதில் அவள் அதிகபட்சமாகக் குடித்தது மூன்று விரற்கடை. புதன்கிழமை வீட்டுத் தராசில் நிற்கவைத்துப் பார்த்தேன், முப்பத்தொன்பது நானூறு. இருபத்தாறாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள். போகிற வேகத்தில் கணக்குப் போட்டால் எனக்கு வந்த விடை நல்லதாக இல்லை.

3

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு அம்பரல்லாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கஹவத்தைப் பக்கமானாலும் கித்துல்கலப் பக்கமானாலும் ஏதாவது ஒரு தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கும். ஆனால் அதைப் புஷ்பம் எப்படிச் சமைப்பாள் என்பதைச் சொல்ல வேண்டும். பின்னால் நான் செய்த காரியம் அதனால் வந்ததுதான்.

எங்கள் தோட்டத்தில் பழத்தைப் பழமாகத் தின்றதை விடச் சமைத்துத் தின்றதே அதிகம். ஈரப்பலாக்காயை உப்புப் போட்டு அவித்துத் துருவிய தேங்காய்ப்பூவோடு காலைச் சாப்பாடு. பலாக்கொட்டையைச் சுடுசாம்பலில் புதைத்து மாலைத் தேநீருக்கு. வெட்டுக்குப் போன பெண்கள் திரும்பும்போது மடியில் ஏதாவது ஒரு காய் இருக்கும். பச்சைப் பப்பாளி, மாங்காய், அன்னாசி, எது கிடைத்தாலும் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் சோற்றுக்குக் கறி. கலியாண வீடென்றால் அன்னாசிக் கறியில் கடுகு அரைத்து விடுவார்கள். இதிலெல்லாம் ரகசியம் ஒன்றும் கிடையாது. அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள், திரும்பி வரும்போது வெந்திருக்கும்.

அம்பரல்லாக் கறியைப் புஷ்பத்துக்குக் கற்றுக் கொடுத்தது கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண் பொடி மெனிக்கே. கித்துள் மரத்துப் பதநீரில் கருப்பட்டி காய்ச்சி, காய்ந்த இலையில் கட்டித் தலைச்சுமையாகத் தோட்டத்துக்குக் கொண்டுவருவார். "மே ஹகுரு ஹொந்தயி", இந்தக் கருப்பட்டி நல்லது, என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே, நல்ல கருப்பட்டிதானா என்று நாம் கேட்பதற்குள் ஒரு துண்டை உடைத்து நம் வாயில் வைத்துவிடுவார். அவர் சொன்ன முறை இது. அம்பரல்லாவை நறுக்கக் கூடாது. தோலைச் சீவி, நாலு பக்கமும் கொட்டை தட்டும்வரை கத்தியால் கீறி, முழுதாகவே சட்டியில் இறக்க வேண்டும். நறுக்கினால் புளிப்பு தண்ணீரில் போய்விடும். கீறினால் கருப்பட்டிப் பாகு உள்ளே இறங்கிப் புளிப்போடு தங்கிவிடும். கறுவாப்பட்டை, ரம்பை இலை, வெங்காயம், மிளகாய்த்தூள், தண்ணித் தேங்காய்ப்பால். முக்கால் வேக்காட்டில் கெட்டிப் பாலும் கருப்பட்டியும்.

முழுக் காயாக இருப்பதால் பரிமாறுவது எண்ணிக்கைதான். ஆளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. சாப்பிட்டு முடிந்ததும் முள்முள்ளாக நார் நிற்கும் கொட்டையைச் சப்பி, தட்டின் ஓரத்தில் வைப்போம். கொட்டையை எண்ணினால் யார் எத்தனை தின்றார்கள் என்று தெரியும். நான் எண்ணுவேன்.

வேகும் நேரம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் பசியோடு காத்திருப்பேன். புஷ்பம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயா. வெட்டுக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து சட்டியை ஏற்றினால் இறக்குவதற்கு முப்பத்தைந்து நிமிடம். ஒரு நாளும் முப்பத்திரண்டில் இறங்கியதில்லை.

4

வியாழக்கிழமை மாலை எங்கள் மகள் வசந்தி வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். நாங்கள் இருப்பது வூஸ்டரில், அவள் வீட்டில். அவள் இங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தமிழ்க் கடை இங்கே இல்லை, பர்மிங்காமுக்குப் போக வேண்டும். அவள் அங்கே ஒரு கடைக்குத் தொலைபேசியில் கேட்டாள். அம்பரல்லா விமானத்தில் வரும், வெள்ளிக்கிழமைகளில், ஆனால் எல்லா வெள்ளியும் இல்லை. அடுத்து 27ஆம் தேதி வரலாம் என்றார்கள். எடை பார்ப்பதற்கு மறுநாள்.

"அம்மா அத எப்பப்பா செஞ்சாங்க? எனக்கு நெனவே இல்லையே" என்றாள் வசந்தி.

"ஒரு சீசனுக்குப் பன்னெண்டு தடவைக்குக் கொறையாம. நீ வீட்டுல இருந்தது பதினெட்டு சீசன். எரநூத்திப் பதினாறு தடவ."

"எண்ணி வச்சிருந்தீங்களாக்கும்."

"சராசரி."

அவள் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் உறைத்தது. இருநூற்றுப் பதினாறு தடவை தின்ற ஒன்று எப்படி மறக்கும்? பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வேலைக்குப் போனாள், அங்கிருந்து இங்கே. இப்போது அவள் சமையல் எல்லாம் சூட்டடுப்பில். தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினால் மணியடிக்கும். குறை சொல்லவில்லை, வேலைக்குப் போகிறவளுக்கு அதுதான் வசதி. பேரனுக்கோ பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். போன மாதம் அவன் தமிழில் என்னிடம் பேசியது மொத்தம் பதினொரு சொல். அதில் நாலு, இரண்டு தடவை சொன்ன "சோறு வேணாம்".

"ஆப்பிள் இருக்கே. அதுல அந்தக் கறிய வைக்கலாம்" என்றேன்.

"யாரு வைக்கிறது?"

"நான்தான்."

வசந்தி கைப்பையைக் கீழே வைத்தாள். "அப்பா, நீங்க இதுவரைக்கும் தண்ணி கொதிக்க வச்சத நான் பாத்ததில்ல. அடுப்புப் பக்கம் போயிறாதீங்க. சனிக்கிழமை நானே செஞ்சு தாறேன்."

சனிக்கிழமை என்றால் இன்னும் இரண்டு நாள். போகிற வேகத்தில் நூற்று முப்பது கிராம். நான் சரி என்று சொன்னேன். மனதுக்குள் சொல்லவில்லை.

5

வெள்ளிக்கிழமை காலை மகளும் மருமகனும் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போனபின் பதினொன்றேகாலுக்குத் தொடங்கினேன். புஷ்பம் முன்னறையில் போர்வையோடு சாய்ந்திருந்தாள். கருப்பட்டி எங்களிடமே இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் என் தங்கை மகன் தெரணியகலையிலிருந்து கொண்டுவந்ததில் மிஞ்சிய அரைக்கட்டி, கல்லாக இறுகியிருந்தது. கறுவாப்பட்டை அலமாரியில் இருந்தது. ரம்பை இல்லை. தேங்காய்ப்பால் டின் ஒன்று வாங்க முனைக் கடைக்கு நடந்தேன், போக வர பதினாறு நிமிடம்.

நல்ல ஆப்பிளாக ஆறைத் தேர்ந்தேன். தோல் சீவினேன். அம்பரல்லாவைக் கீறுகிற மாதிரியே நாலு பக்கமும் நடுத்தண்டு தட்டும்வரை கத்தியை இறக்கினேன். நடுத்தண்டையும் விதையையும் எடுக்கவில்லை. எடுப்பது முறையில்லையே. காம்பையும் விட்டுவைத்தேன். வசந்தியின் பெரிய சட்டியில் ஆறையும் வட்டமாக அடுக்கிப் பால், தூள், பட்டை, உப்பு எல்லாம் போட்டேன். இரண்டு வேலை எதற்கென்று கருப்பட்டியையும் அப்போதே உள்ளே போட்டு மூடினேன். கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிடம். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், காலையில் புஷ்பம் தின்ற இரண்டரைக் கரண்டி கஞ்சியை எழுதினேன். அரையை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் மூக்கை உயர்த்தினாள்.

"என்னங்க, கருகுது."

"இன்னும் இருவத்தொரு நிமிஷம் இருக்கு."

"அது ஒங்க கடியாரத்துக்கு. சட்டிக்குத் தெரியுமா?"

அப்போது கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது.

சமையலறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூடி ஒரு பக்கமாக எழும்பி, வெள்ளை நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அடியில் கருப்பட்டி தீய்ந்து கறுப்புப் புகை. அடுப்பை அணைத்து மூடியைத் தூக்கினேன். ஆப்பிள் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆறும் கரைந்து கூழாகியிருந்தன. அந்தக் கூழில் ஆறு நடுத்தண்டுகள் காம்போடு மிதந்தன. எண்ணினேன், ஆறு.

மணி நிற்கவில்லை. கைத்தடியால் அதன் பொத்தானை எட்டி அமுக்கப் பார்த்தேன். நாலாவது குத்தில் மூடி கழன்று மின்கலம் என் தோளில் விழுந்து அடுப்புக்குப் பின்னால் உருண்டது. மணி நின்றது. அதற்குள் பின்கதவில் ஜோன் நின்றார், வீட்டுச் செருப்போடு, நனைந்துகொண்டு.

"தீயா?" என்றார்.

"ஆப்பிள்" என்றேன்.

அவர் உள்ளே வந்து சட்டியைப் பார்த்தார். கூழில் நின்ற காம்புகளைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?"

"முப்பத்தைந்து நிமிடம் வைப்பதாக இருந்தேன்."

"யாரைத் தண்டிக்க?"

அந்த ஆப்பிள் அப்படித்தானாம். தீயைக் கண்டால் கரைந்துவிடும், ஐந்து நிமிடம் போதும். அவருடைய அம்மா அதில் ஒரு கரண்டி சீனியும் கொஞ்சம் வெண்ணெயும் போட்டுக் கிளறி, ரொட்டியோடு தருவாராம். வேறு எதுவும் போட மாட்டாராம். "நீங்கள் மிளகாய் போட்டீர்களா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். "நல்ல தைரியம்" என்றார்.

மேலே நின்ற கூழைத் தண்டுகளோடு, கருகல் சேராதபடி ஒரு கிண்ணத்தில் வழித்தேன். அடிபிடித்த சட்டியை ஜோன் பின்படிக்குக் கொண்டுபோகச் சொன்னார், தண்ணீர் ஊற்றினால் உள்ளே இன்னும் புகையும் என்று. நாங்கள் இரண்டு கிழங்களும் தூறலில் படிக்கட்டில் நின்று, அவர் மரக்கரண்டியாலும் நான் பழைய கத்தியாலும் சுரண்டினோம். ஒரு பங்கு கூட வரவில்லை. உள்ளிருந்த புகை வெளியேறட்டும் என்று துண்டை வீசினேன். கால்மணி நேரம் இருக்கும். சரியாக எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது, கடிகாரம் உள்ளே இருந்தது.

6

திரும்பி வந்தபோது புஷ்பம் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னறையிலிருந்து அவள் யாரையும் பிடிக்காமல் தனியாக நடந்து வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அது முதல் தடவை. முன்னால் ஒரு தட்டு. காலையில் வடித்த சோறு இருந்த பாத்திரம் திறந்து கிடந்தது. கூழ் வைத்த கிண்ணம் பாதி காலி. தட்டு காலி. தட்டின் ஓரத்தில் இரண்டு நடுத்தண்டுகள், அம்பரல்லாக் கொட்டையை வைப்பதுபோலவே, நன்றாகச் சப்பி வைக்கப்பட்டிருந்தன.

நான் அப்படியே நின்றேன். ஜோன் என் முதுகில் தட்டிவிட்டு மெல்லப் பின்கதவால் போய்விட்டார்.

"எவ்வளவு சாப்பிட்ட?"

"தெரியலங்க."

"ரெண்டு கரண்டியா, மூணா? சோறு எவ்வளவு போட்ட? பாத்திரத்துல காலையில முக்கால் இருந்துச்சு."

"போங்க அங்கிட்டு. கையால அள்ளித் தின்னேன்."

"இப்ப இத நான் என்னன்னு எழுதுறது?"

"எழுதாதீங்க."

நான் உட்கார்ந்தேன். அவள் விரலை நக்கிக்கொண்டே கிண்ணத்தை மறுபடி இழுத்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

"மடுவத்துல இருவத்தி மூணு புள்ளைங்களுக்குச் சோறு குடுத்தேன். ஒரு புள்ள வாயையும் நான் உத்துப் பாத்ததில்ல. பாத்தா புள்ள வாய மூடிக்கும். தட்ட வச்சுட்டு நான் பாட்டுக்குத் தொட்டில் துணிய மடிப்பேன். திரும்பிப் பாத்தா தட்டு காலியா இருக்கும். நீங்க எதுக்கால உக்காந்துகிட்டு, பால் நிறுக்கிற மாதிரி, வாய்க்கு ஒரு கோடு போட்டா எனக்கு எப்படிங்க எறங்கும்? தொண்டையிலயே நிக்குது."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே, புஷ்பம்."

"சொல்லலாம்தான். நீங்க ஆசையா எழுதிக்கிட்டு இருந்தீங்க. அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

பதினான்கு பக்கப் படிவத்தில் அதுவரை எட்டரைப் பக்கம் நிரப்பியிருந்தேன். அழகான எழுத்து. ஒரு அடித்தல் கிடையாது. என் வாழ்க்கையில் நான் எழுதிய கணக்குகளில் மிகச் சுத்தமானவற்றில் ஒன்று. அதுதான் அவள் தொண்டையில் நின்றிருக்கிறது. எனக்கு வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. கறி எப்படி இருந்தது என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"அம்பரல்லா இல்ல இது. சட்னி. அடி கருகுன வாசன வேற. ஆனா வாய்க்கு ஒறைக்குது."

7

மாலையில் வசந்தி வந்து சட்டியைப் பார்த்தாள். அது ஆறு சட்டிகள் கொண்ட ஒரு செட்டில் பெரியது, அவள் கலியாணத்துக்கு யாரோ கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் முன்னறையிலிருந்து, "அவர ஒன்னுஞ் சொல்லாத. நான் ரெண்டு தடவ போட்டுச் சாப்பிட்டேன்" என்றாள். வசந்தி சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அந்தச் சட்டியைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து முறை மாறியது. மீதி ஏழு ஆப்பிளில் புழுத்துளைகளை வெட்டியெறிந்துவிட்டு நாளுக்கு ஒன்றோ இரண்டோ. சனிக்கிழமை வசந்தி செய்தாள், ஐந்து நிமிடம், கருப்பட்டி கடைசியில். ஞாயிற்றுக்கிழமை ஜோன் வந்து அவர் அம்மா முறையில் வெண்ணெய் போட்டுச் செய்து காட்டினார். புஷ்பம் அதில் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளைத் தூவி அவருக்கும் கொடுத்தாள். ஜோன் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார், மறுபடியும் கேட்டு வாங்கினார். திங்களிலிருந்து நானே வைத்தேன். கஞ்சியோடும் வைத்தேன், ரொட்டியோடும் வைத்தேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு நான் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவேன்.

வெளியே நிற்பது லேசான காரியமில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஜோன் மரத்தில் மிச்சமிருந்த ஆப்பிள்களை எண்ணினேன். முதல் நாள் அறுபத்தொன்று, காற்றடித்த செவ்வாய்க்கிழமை நாற்பத்தேழு. இலைக்குப் பின்னால் இருப்பது தெரியாது, ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கும். உள்ளே கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்கும். எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். எல்லா நாளும் முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

26ஆம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வசந்தி பாதி நாள் விடுப்புப் போட்டு வந்தாள். பதினொன்று இருபதுக்கு வரச் சொன்னவர்கள் பன்னிரண்டு ஐந்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த நேரமெல்லாம் புஷ்பம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், நாற்பத்தைந்து நிமிடம். தராசில் ஏறுவதற்குச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவள் வளையலையும் கழற்றப் போனாள். "அதக் கழட்டாதம்மா, இருக்குறது இருக்கட்டும்" என்றாள் வசந்தி.

முப்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம்.

போன தடவையை விட நூறு கிராம் கூட. வீட்டுத் தராசின் கணக்குப்படி எட்டு நாளில் ஐந்நூறு. தாதி குழாய் வேண்டாம் என்றாள், இதேபோல் போகட்டும், ஒரு மாதம் கழித்து வரலாம் என்றாள். வசந்தி தமிழில் சொல்வதற்கு முன்பே புஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் தராசிலேயே நின்றுகொண்டிருந்தாள். இறங்கலாம் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு தாதி படிவத்தைக் கேட்டாள். எட்டரைப் பக்கம் வரைக்கும் புரட்டி மெச்சினாள். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே சொல், "பார்க்கவில்லை". ஏன் என்று கேட்டாள். நான் வெளியே நின்றேன் என்றேன். வசந்தி அதை நீட்டி விளக்கப் போனாள். தாதி கையமர்த்திவிட்டு, படிவத்தின் அடியில் "தானாகச் சாப்பிடுகிறார்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அருமை என்றும் சொன்னாள். இந்தத் தடவை அவளுக்குப் புரிந்துதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பர்மிங்காமில் அம்பரல்லா வந்து இறங்கிவிட்டது. வசந்தி மாலையில் போய் வாங்கிவந்தாள், ஏழு காய். சனிக்கிழமை மத்தியானம் நான் கத்தியை எடுத்தேன். புஷ்பம் எழுந்து வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க தள்ளுங்க. ஒங்களுக்கு ஆப்பிள்தான் வரும்."

நின்றே சீவினாள், நின்றே கீறினாள். நடுவில் ஒருதரம் நாற்காலியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். முப்பத்தைந்து நிமிடம். பேரன் வாசனைக்கு இறங்கி வந்து சட்டிக்குள் பார்த்து, "இது என்ன?" என்று தமிழில் கேட்டான். இரண்டு சொல். ஒன்று தின்றுவிட்டுக் கொட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வசந்தி ஒரு வாய் எடுத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஆமாப்பா, இதுதான்" என்றாள். இருநூற்றுப் பதினேழு.

செலவு விவரம் கேட்பவர்கள் உண்டு என்பதால் எழுதுகிறேன். ஆப்பிள்கள் ஜோன் கொடுத்தவை, கருப்பட்டி ஊரிலிருந்து வந்தது, கறுவாப்பட்டை வீட்டில் இருந்தது. இவற்றுக்குச் செலவில்லை. தேங்காய்ப்பால் டின் ஒரு பவுண்டு முப்பத்தைந்து பென்ஸ். எச்சரிக்கை மணிக்குப் புது மின்கலம் மூன்று பவுண்டு இருபத்தைந்து. அம்பரல்லா ஏழு காய், ஆறு பவுண்டு எண்பது. வசந்திக்கு வாங்கிக் கொடுத்த புதுச் சட்டி, வேண்டாம் வேண்டாம் என்றவள் கடைசியில் அவளே தேர்ந்தது, இருபத்திரண்டு பவுண்டு. ஆக மொத்தம் முப்பத்துமூன்று பவுண்டு நாற்பது பென்ஸ்.